கோமளபுரம் ஜமீனின் ஐந்தாம் பாகம்

சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்த வருஷம் அது. ஓவன் ரோட்டு அடுக்குவீட்டின் மூன்றாம் மாடியில் குடியிருந்த செல்லக்கண்ணுவுக்கு, அதில் ஒரு துளி தன் வீட்டுப் பக்கமும் சிந்தினால் தேவலை என்று தோன்றியது. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் தாமாக எடுத்த முடிவு என்று பார்த்தால் மீசை ஒன்றுதான். அதன் நீள அகலம்கூட ரத்தினம்மா சொன்னதுதான்.

அப்படிப்பட்டவர், "இந்தத் தீபாவளிக்கு என் சம்சாரத்துக்குப் புடவை கிடையாது, புத்தகம்தான்" என்று ஆபீஸ் முழுக்க அறிவித்தார். தேக்கா மார்க்கெட்டில் வெற்றிலைக்காரரிடம்கூடச் சொன்னார். ரத்தினம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. பிரகடனம் செய்வதற்கும் பிழைத்துக் கிடப்பதற்கும் நடுவே ஒரு சூட்சுமம் உண்டல்லவா.

பரிசாக என்ன புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டால், தேக்கா வட்டாரத்தில் எல்லாரும் செல்லக்கண்ணுவைத்தான் கைகாட்டுவார்கள். மாமனாருக்கா? கெட்டி அட்டை போட்டதாக வாங்குங்கள், படிக்காவிட்டால் தலைக்கு வைத்துப் படுக்க உதவும். மேலதிகாரிக்கா? முன்னுரை நீளமாக இருக்கட்டும், அதைத் தாண்ட மாட்டார். புது மாப்பிள்ளைக்கா? எதையாவது கொடுங்கள், அவன் பிரிக்கப் போவதில்லை. சிராங்கூன் ரோட்டில் புத்தகக்கடை வைத்திருந்த காதர் மைதீன், தீபாவளி மாதத்தில் செல்லக்கண்ணு கடைக்குள் வந்தால் முக்காலியைத் துடைத்துப் போட்டு, கோப்பியும் வரவழைப்பார்.

ஆனால் ரத்தினம்மாவுக்கென்று அவர் தேர்ந்தெடுத்த புத்தகம் ரத்தினம்மாவுக்கானது இல்லை. 'கோமளபுரம் ஜமீன்', ஐந்து பாகம். முதல் பக்கத்திலேயே ஜமீன்தார் பால் குடித்துவிட்டுச் செத்துப்போகிறார். பாலில் விஷம் வைத்தது யார் என்பது ஐந்தாம் பாகத்தின் கடைசியில்தான் தெரியும். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது ஒரே ஒரு செட். அதைப் பார்த்த நாளிலிருந்து செல்லக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கென்று வாங்கினால் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். சம்சாரத்துக்கு வாங்கினால் அன்பு.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கொலைகாரன் யார் என்று தாமே கண்டுபிடிப்பதில்தான் செல்லக்கண்ணுவின் மானம் முழுவதும் இருந்தது. ஒருமுறை டிராலி பஸ்ஸில், ஆபீஸ் சகா பரமசிவம் ஏதோ ஒரு மர்மக் கதையின் முடிவை வாய்தவறிச் சொல்லிவிட்டார். செல்லக்கண்ணு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தார். ஒரு வருஷம் பரமசிவத்தோடு பேச்சு வார்த்தை இல்லை. ஈர வேட்டியைப் பிழிந்து உலர்த்தியபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டவள் ரத்தினம்மா. பெண்கள் எதையும் சும்மா கேட்டுக்கொள்வதில்லை.

தீபாவளி விடிந்தது. எண்ணெய்க் குளியல் முடிந்து, பார்சலைப் பிரித்தாள். மைசூர் சில்க் எதிர்பார்த்த கைகள் காகிதத்தைத் தடவின.

"எனக்கா?"

"உனக்கே உனக்கு."

"அப்ப என் பேரை எழுதிக் குடுங்க."

அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். மாறாக, ஐந்து பாகத்திலும் 'அன்பு மனைவி ரத்தினம்மாவுக்கு' என்று சுழித்துச் சுழித்து எழுதிக் கொடுத்தார்.

அந்த அச்சகத்துப் புத்தகங்கள் ஓரம் வெட்டாமல் வரும். தாள்கள் மடிந்து ஒட்டியபடியே இருக்கும். படிக்கிறவர்தான் கத்தி வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்று மத்தியானம் செல்லக்கண்ணு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பலாச்சுளை எடுப்பவர் மாதிரி நாலு பாகத்தையும் பிரித்துத் தள்ளினார். ஐந்தாவதைக் கையில் எடுக்கும்போது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவர்களை வழியனுப்பித் திரும்பினால் நாலுதான் இருந்தது. "என் புத்தகம்தானே, பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் ரத்தினம்மா.

அடுத்தடுத்த வாரங்களில், மத்தியானச் சமையல் முடிந்ததும் அவள் புத்தகத்தோடு சாய்ந்திருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். செல்லக்கண்ணுவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்லக்கண்ணு இரண்டாம் பாகத்தில் ஆழ்ந்திருந்தார். தேக்காவுக்குப் போய் மீன் வாங்கி வாருங்கள் என்றாள். அத்தியாயம் முடியட்டும் என்றார். மறுபடி சொன்னாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். ரத்தினம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவேயில்லை.

"ஏங்க, அந்தப் பாலுல விஷம் வெச்சது யாருன்னா..."

செல்லக்கண்ணு நாற்காலியோடு எழுந்தார்.

"நீ... அதுக்குள்ள கடைசிப் பாகத்துக்குப் போயிட்டியா?"

"எனக்குத்தானே வாங்கிக் குடுத்தீங்க."

மீன் வந்தது. கூடவே அவள் கேட்காத இறாலும் வந்தது.

அன்றிலிருந்து செல்லக்கண்ணுவின் சுயாட்சி கலைக்கப்பட்டது. மண்ணெண்ணெய் டின்னோடு மூன்று மாடி ஏறினார். தேங்காய் துருவினார், பாத்திரம் கழுவினார். மலாயாவில் கிள்ளான் பக்கத்திலிருந்து வந்த ரத்தினம்மாவின் தம்பி இரண்டு வாரம் தங்கி, சாய்வு நாற்காலியை முழு நேரமும் ஆக்கிரமித்தபோது, ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். அடுப்படியிலிருந்து "அந்த ஜமீன்தாரு..." என்று ஆரம்பித்த குரல் கேட்டதும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். பொங்கலுக்கு மைசூர் சில்க் வந்தது. வாங்கியவர் யார் என்பதில் மர்மம் எதுவும் இல்லை.

நாலு பாகமும் முடிந்தன. ஐந்தாவதைக் கேட்டால், கீழ்வீட்டு சம்சுன்னிசாவுக்கு இரவல் கொடுத்திருக்கிறேன் என்றாள். செல்லக்கண்ணு மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனார். கதவைப் பாதி திறந்த சம்சுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னும் பாதிகூட வரலண்ணே. படிக்கப் படிக்கக் கை நடுங்குது. ஒரு நாளைக்கு ஒரு பக்கந்தான் முடியுது லா."

"யாரு மேலம்மா சந்தேகம் விழுது?"

"சொல்லவா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றவர் படியேறி ஓடினார்.

கொலைகாரர் அரண்மனை வைத்தியர்தான் என்பது செல்லக்கண்ணுவின் முடிவு. எலுமிச்சை ரசம், பால், பச்சிலை என்று நாலு பாகத்திலும் அந்த ஆள் சொம்போடுதான் திரிகிறார். இதை ரத்தினம்மாவிடம் நைசாகப் போட்டுப் பார்ப்பார். "வைத்தியர்தானே?" அவள் லேசாகச் சிரிப்பாள். 'ஆமாம்' என்கிற சிரிப்பா, 'பாவம்' என்கிற சிரிப்பா என்று யோசித்தே அவருக்குப் பல இரவுகள் போயின. கொலை செய்தவனுக்கே இத்தனை தண்டனை கிடைத்திருக்காது.

அடுத்த தீபாவளி நெருங்கியது. ஒரு நாள் எதிர்வீட்டு அன்னம்மா வந்து, வீட்டுக்காரருக்குக் கொடுக்க நல்ல மர்மப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாள். செல்லக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் மேல்வீட்டு அம்மா. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பேர். எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: நிறைய பாகம் இருக்க வேண்டும், முடிச்சு கடைசிப் பாகத்தில்தான் அவிழ வேண்டும்.

பெண்களுக்கு இலக்கிய ருசி வந்துவிட்டது என்று செல்லக்கண்ணு பூரித்தார். ஆளுக்கு ஒன்றாக யோசித்து யோசித்துச் சொன்னார். அன்னம்மாவுக்கு மட்டும், தம் மனசுக்குள் பொத்தி வைத்திருந்த ரகசியத்தையே எடுத்துக் கொடுத்தார்: 'மரகதத் தீவு', ஒன்பது பாகம், தாம் படிக்காமலே ஏங்கிக்கொண்டிருந்த புத்தகம். காதர் மைதீன் அவரைப் பார்த்ததும் இரண்டு கோப்பி வரவழைத்தார். "எந்த வருஷமும் இப்படி ஓடினதில்லண்ணே. வர்ற பொம்பளைங்க எல்லாம் கடைசிப் பாகத்தைத் தனியாக் கட்டச் சொல்றாங்க, ஏன்னுதான் தெரியல" என்றார். செல்லக்கண்ணுவும் யோசிக்கவில்லை. கோப்பி நன்றாக இருந்தது.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு ரத்தினம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டு, கோமளபுரத்தின் ஐந்தாம் பாகத்தை எடுத்து, தவிட்டைத் தட்டிவிட்டு நீட்டினாள். செல்லக்கண்ணு இரண்டு கையாலும் வாங்கினார். பிரித்தார். பிரிய மறுத்தது.

ஒரு தாள்கூட வெட்டப்படவில்லை. அச்சகத்தில் மடித்தது மடித்தபடி, ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

"நீ இதைப் படிக்கவே இல்லையா?"

"படிச்சேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"மத்தியானம் புத்தகத்தோட சாஞ்சிருந்தியே?"

"தலைக்கு வெச்சுப் படுத்தேன். கெட்டி அட்டை. நீங்க சொல்றதுதானே."

"சம்சுன்னிசா?"

"அவ அட்டையைக்கூடப் பார்த்ததில்லீங்க. உங்களுக்காகத்தான் பாவம் கை நடுங்கினா." சற்று நிறுத்தி, "முதல் பக்கத்துலயே ஆளு செத்துட்டாரு. அப்புறம் யாரு செஞ்சா என்ன, போன உசிரு வரவா போகுது" என்றாள்.

செல்லக்கண்ணு கத்தியை எடுத்து, தாளைக் கிழித்து, ஒரே இரவில் படித்து முடித்தார். வைத்தியர் இல்லை, மூத்த மருமகள். அதுகூட அவரைச் சுடவில்லை. விடுதலை கிடைத்துவிட்டதே. மறுநாள் தேங்காயைத் துருவ மறுத்தார். அதற்கு மறுநாள் மண்ணெண்ணெய் டின்னைப் பார்த்து வெறுமனே தலையசைத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் நீட்டிப் படுத்தார். சொல்லுவதற்கு இவளிடம் இனி என்ன இருக்கிறது? ரத்தினம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளி விடியற்காலை. எண்ணெய்க் குளியல் முடித்து வந்தவர் கையில் ஒரு பெரிய பார்சலை வைத்தாள். 'மரகதத் தீவு'. முதல் பக்கத்தில் கோணல் மாணலாக, 'அன்புக் கணவருக்கு' என்று எழுதியிருந்தது. செல்லக்கண்ணு அதை இரண்டு தடவை படித்தார். இப்படிப்பட்டவளையா சந்தேகித்தோம்.

"அன்னம்மாவை விட்டு நான்தான் கேக்கச் சொன்னேன். உங்களுக்குப் பிடிச்சதா இருக்கணும்ல."

அவர் ஆசையாக அடுக்கிப் பார்த்தார். எட்டுப் பாகம். எட்டும் வெட்டாமல் புத்தம் புதுசாக இருந்தன.

"ஒன்பதாவது?"

அடுப்படியிலிருந்து எடுத்து வந்து காட்டினாள். கைக்கு எட்டாத தூரத்தில்தான். அதன் தாள்கள் மட்டும் ஒன்று விடாமல் வெட்டப்பட்டிருந்தன. வெங்காயம் நறுக்குகிற கத்தியால் வெட்டியிருக்க வேண்டும், வாசனை வந்தது.

"இந்தத் தடவை நிஜமாவே படிச்சுட்டேங்க. இதை மட்டும். அந்தத் தீவுல..."

"எவ்வளவு கறி வேணும்?" என்றார் செல்லக்கண்ணு.

பையோடு அவர் தேக்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆட்டிறைச்சிக் கடை முன்னால் வரிசை ரோடு வரைக்கும் வந்திருந்தது. எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் ஓவன் ரோடு. அவரைக் கண்டதும் ஒரு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு முன்னால் நின்றவர், இந்தத் தீபாவளியோடு சம்பந்தமே இல்லாத நூருல் அமீன், சம்சுன்னிசாவின் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு எத்தனை பாகம்?" என்று கேட்டார் நூருல் அமீன், திரும்பாமலே.

"ஒன்பது."

"எனக்குப் பன்னெண்டு" என்றார். "நல்ல புத்தகம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."