உப்பு ஏரியில் அப்பாவுக்கு வைத்த பிண்டம்

எங்கள் ஊர்ச் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நாட்டுக்குப் போனாலும் மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் அங்கே இருக்கின்றனவா என்று கண் தேடும். இல்லாவிட்டால் நாங்களே உண்டாக்கிவிடுவோம். எனக்கு அது முற்றியது எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணில்.

அந்த வருடம் அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகன் நான் இருக்க, கொள்ளி வைத்தவர் சித்தப்பாவின் மகன். மெல்பேர்ணின் புறநகரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் கீறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேதனை. ஆடி அமாவாசைக்காவது ஊரில் கீரிமலைக் கடற்கரையில் செய்வதுபோல உப்புத் தண்ணீரில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டம் வைத்து, அதைக் காகம் எடுப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். காகம் எடுத்தால் அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நம்பியிருந்தேன். (அன்று மெல்பேர்ணில் எனக்குத் தெரிந்து கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. காகத்துக்கு மட்டும் குறைவில்லை.)

வேலையிடத்துப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். பழங்காலப் புனித இடங்களும் உப்பு ஏரியும், வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம். பார்த்தால், நாளும் ஆடி அமாவாசை. தலம் இருக்கிறது, தீர்த்தம் இருக்கிறது. மூர்த்திக்கு வீட்டிலிருந்த பிள்ளையார் படத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, உது வெள்ளைக்காரர் படம் எடுக்கப் போற இடம். கடற்கரையில செய்தால் காணாதோ?" என்று கேட்டாள் என் மனைவி புவனா.

"கடற்கரையில தலம் இல்லை" என்றேன். (அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.)

பஸ் மேற்கே போய் முதலில் ஒரு மலையடிவாரத்துப் பாறைக்குகையில் நின்றது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன் பதித்த கைகள் சுவரில் சிவப்பாகத் தெரிந்தன. வழிகாட்டி பில், ஓய்வுபெற்ற வாத்தியார், குரலைத் தாழ்த்தி விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் சப்பாத்தோடு நிற்க நான் மட்டும் அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றேன். பக்தி தலைக்கேறிக் கற்பூரத்தை எடுத்து நெருப்புக்குச்சியை உரசினேன். பில் அதை ஊதி அணைத்து, பெட்டியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "அந்தக் கைகளுக்குப் புகை ஆகாது" என்றார் மெதுவாக. கூட வந்த புவனா எனக்குச் சம்பந்தமில்லாதவள்போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஏரிக்கு வந்தோம். ஆடி மாதம் அந்த நாட்டில் நடுக் குளிர்காலம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை. பற்றைக்குப் பின்னால் போய்க் காற்சட்டையைக் கழற்றி, உள்ளே கட்டியிருந்த வேட்டியோடு வெளிப்பட்டேன். வீட்டிலிருந்து சில்வர் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த பிண்டத்தைப் பிரித்துக் கரையிலிருந்த மேசையில் வைத்துவிட்டு ஏரிக்குள் இறங்கினேன்.

தண்ணீர் கணுக்கால் அளவு. இன்னும் போனால் ஆழம் வரும் என்று நடந்தேன். ஆழம் வரவில்லை. உப்புப் பாளம் உடைந்து, கீழே இருந்த கறுப்புச் சேறு என்னை முழங்கால்வரை பிடித்துக்கொண்டது. முழுகவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை. குனிந்து உருண்டு ஒருவாறு தலையை நனைத்தேன். எள்ளை இறைத்தால் காற்று அதை என் முகத்துக்கே கொண்டுவந்தது. கடைசியில் பில்லும் பஸ் சாரதியும் கைகோர்த்து இழுத்தார்கள். நான் வந்தேன், வேட்டி வரவில்லை. (உள்ளே அரைக்காற்சட்டை இருந்தது. இருந்தபடியால்தான் இதை எழுதத் துணிந்தேன்.)

தலை முதல் கால்வரை உப்புப் பூத்துக் கரைக்கு வந்து மேசையைப் பார்த்தேன். பஸ்ஸின் முன் ஆசனத்தில் தனியாக வந்த மிஸிஸ் பார்க்கர், விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். சில்வர் பேப்பர் வெறுமையாக இருந்தது.

"உங்கள் சோற்று உருண்டை நன்றாக இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் போதாது" என்றார்.

நான் அழுதுவிட்டேன். சிரிப்புக்காகச் சொல்லவில்லை; அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி அழுதேன். அப்பா கடைசிவரை என்னிடமிருந்து ஒன்றும் வாங்கமாட்டார் என்று தோன்றியது. புவனா விஷயத்தைச் சொன்னதும் மிஸிஸ் பார்க்கரின் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்படியென்றால் உன் அப்பாவைப் பட்டினியாக அனுப்பிவிட்டேனா?" என்று கேட்டார். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போட்டு, மெல்பேர்ண் வரும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

சில வருடங்களின் பின் அம்மா எங்களிடம் வந்தார். ஒருநாள் குசினியில் அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மனம் கேளாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ஏச்சுக் கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"தம்பி, அந்த மனுசி கேட்டோ எடுத்தவ?"

"இல்லை அம்மா. ஆரும் பாக்காத நேரம் எடுத்துச் சாப்பிட்டிட்டா."

அம்மாவின் கை நின்றது. "அப்ப அது உன்ர அப்பாதான். கலியாணம் கட்டின நாள்தொட்டு அந்த மனுசன் குசினிக்குள்ள ஒண்டையும் கேட்டு எடுத்ததில்லை. நான் அங்கால திரும்பினால் காணும், எடுத்து வாயில போட்டிடுவார்."

முதலில் புவனா சிரித்தாள். பிறகு அம்மாவும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். எனக்கு அன்றுதான் மனம் ஆறியது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கேட்காமல் பலகாரத்தில் கை வைத்தால், "அப்பப்பா வந்திட்டார்" என்று, தான் காணாத அந்தத் தாத்தாவைச் சொல்லி என் மகள் குரல் கொடுப்பாள்.

அம்மா இதைச் சொன்ன வருட ஆடி அமாவாசைக்கு மிஸிஸ் பார்க்கரை வரச் சொல்லியிருந்தோம். அம்மா அவரைக் குசினிக் கதிரையில் இருத்தி, முன்னால் வடைத் தட்டை வைத்தார். சாப்பிடச் சொல்லவில்லை. மிஸிஸ் பார்க்கர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டவில்லை, ஆட்டினால் அது கேட்டு எடுத்ததாகிவிடும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.