நென்ச்சோவின் தீர்ப்பு

"இல்லைங்க, மெஸ்ஸேர் ஐயா," என்றான் கம்பளிக்குச் சிக்கெடுக்கும் நென்ச்சோ.

பந்தோல்ஃபோ கையிலிருந்த தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பதினெட்டு வருஷமாக எழுதிய நூலின் கடைசி அத்தியாயம் அது. ஒற்றை மன்னனின் புத்தியைவிட ஊர்ஜனங்களின் புத்தியே மேல் என்று, செத்துப்போன ரோமர்களில் பாதிப் பேரைச் சாட்சிக்கு இழுத்து நிறுவியிருந்தார். அந்த நம்பிக்கைக்காகத்தான் அரண்மனை உத்தியோகத்தையே உதறியிருந்தார். சாயங்காலம் பிரதி எடுப்பவர் வந்துவிடுவார். அதற்குள் ஜனங்களில் ஒருவனிடம் வாசித்துக் காட்டலாமே என்று கீழ்வீட்டு நென்ச்சோவைக் கூப்பிட்டதுதான் வினை.

"எதுப்பா இல்லை?"

"நீங்க வாசிச்சதுங்க."

பந்தோல்ஃபோ தலையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்களின் தீர்ப்பு சரியென்றால் அத்தியாயம் தப்பு. தீர்ப்பு தப்பென்றால், அது சரியென்று சொல்லும் அத்தியாயமும் தப்பு.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த மனைவி தெஸ்ஸா, அவன் ஒருத்தனே ஃப்ளாரன்ஸ் நகரம் ஆகிவிடுவானா என்று கேட்டாள். நியாயமாகப் பட்டது. சந்திலிருந்த சிக்கெடுப்பவர்கள் அத்தனை பேரையும் மாடிக்கு வரவழைத்தார். கம்பளி எண்ணெய் நாற்றத்தில் சுவர்ப் படத்துப் புனிதர்களே மூக்கைப் பொத்தியிருப்பார்கள். மறுபடி வாசித்தார். நாற்பது தொண்டைகள் ஒன்றாக "இல்லை" என்றன. உத்தரத்துத் தூசி மொச்சையில் கொட்டியது.

ஒருவேளை தங்களைப் புகழ்வது பிடிக்காத தன்னடக்கமோ? ஜனங்கள் கழுதைகள், கடிவாளம் பிடிக்க ஒரு பிரபு வேண்டும் என்று, அழாத குறையாக மாற்றி எழுதி வாசித்தார்.

"இல்லைங்க."

பாதி புத்தி ஜனங்களுக்கு, பாதி பிரபுவுக்கு என்று பங்கு பிரித்தும் பார்த்தார். அதற்கும் அதே "இல்லை".

"உங்க ஜனங்களுக்கே உங்களைப் பிடிக்கலை," என்றாள் தெஸ்ஸா. சொல்லியபின் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்று மொச்சையிலிருந்து தூசி பொறுக்கப் போனாள்.

பந்தோல்ஃபோ நூல் முழுவதையும், மாற்றி எழுதிய இரண்டு அத்தியாயங்களையும் அடுப்பில் வைத்தார். நூல்தான் எரிய நேரமெடுத்தது. பதினெட்டு வருஷம் புகைபோக்கி வழியாக ஆர்னோ நதிப் பக்கம் போனது. சந்து ஜனம் கலைந்தது. நென்ச்சோ மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் வாசிச்சதுல உனக்கு எதுதான்யா பிடிக்கலை?"

"பிடிக்குதா பிடிக்கலையான்னு பார்க்க, மெஸ்ஸேர், நாங்க எங்கே காது கொடுத்துக் கேட்டோம்? முன்னே ஒரு தடவை உங்களமாதிரி ஒரு பெரிய மனுஷர் சதுக்கத்துல எதையோ வாசிச்சாரு, நாங்களும் 'ஆமா'ன்னு கத்தினோம், மறுநாளே எங்க பேச்சு எடுபட்ட ஒரே சபையையும் பூட்டிட்டாங்க. அதுலேருந்து யார் எதை வாசிச்சாலும் கண்ணை மூடிக்கிட்டு 'இல்லை'தான்... ஆமா, அதுல என்னதான் எழுதியிருந்தீங்க?"