பட்டாளத்து அண்ணாச்சியும் லாரியில் போன பூட்ஸும்

துப்பாக்கியைத் தொடாமல், எல்லைக்குப் போகாமல், மிலிட்டரி ஓட்டலைத் தவிர வேறெந்த மிலிட்டரியையும் பார்க்காமல் இந்த தேசத்தில் 'பட்டாளம்' என்று பெயர் வாங்கியவர் ஒருவர்தான் இருக்க முடியும். ராஜபாளையத்தில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டர் அவர். அவருடைய பட்டறை மாடியில்தான் நான் குடியிருந்தேன். மில் ஆபீசில் எனக்கு முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று எங்கம்மா நம்புவாள். பட்டாளத்து அண்ணாச்சிக்கும் அதே நம்பிக்கை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய இரும்போடு வந்த ஒரு ட்ரங்குப் பெட்டியை அவர் ஒருநாள் தட்டி நிமிர்த்தியபோது, மூடிக்குள் ஒட்டியிருந்த காகிதத்தின் பின்னாலிருந்து ஒரு மெடல் விழுந்தது.

"ஏலே தம்பி, படிச்ச பிள்ளதான நீ? இது என்னன்னு பாரு."

போனில் தேடிச் சொன்னேன். எழுபத்தொன்றாம் வருஷத்துப் போரில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்தது.

"சண்டைக்குப் போன மெடலு இப்பிடி அநாதையாக் கிடக்கலாமா? இதுக்குக் கூட்டாளிங்க இருக்கும்லா?"

பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பெயர் அழிந்து போய், வன்னியம்பட்டி என்கிற ஊர் மட்டும் மிச்சமிருந்தது. அன்றைக்கே என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிட்டார்.

பெட்டிக்குச் சொந்தக்காரரான காலாட்படைச் சிப்பாய் செத்துப்போய்ச் சில வருஷமாகியிருந்தது. அவருடைய தம்பிக்காரர் கட்டிலில் படுத்தபடியே சொன்னார்: "பதினாறாம் நாளே அண்ணன் சாமானையெல்லாம் சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கொண்ணாக் கொடுத்தாச்சுப்பா. ஒரு பூட்ஸு லாரிக்குத் திருஷ்டிக்குக் கட்டப் போச்சு. இன்னொண்ணு எங்கன போச்சோ!"

மற்றவர்களாக இருந்தால் அதோடு திரும்பியிருப்பார்கள். அண்ணாச்சி நேராக நின்று, இடது கையால் ஒரு சல்யூட் அடித்தார். வலது கையில் எப்போதும் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தே பழகியவர் என்பதால் அவருக்கு மரியாதையெல்லாம் இடது கையிலிருந்துதான் வரும்.

அப்புறம் வேட்டை. எதையும் அவர் காசு கொடுத்து வாங்கவில்லை. "காசு கொடுத்தா அது சரக்குலே. உழைச்சு வாங்குனாத்தான் பட்டாளத்துக்காரனுக்கு மரியாதை." மடவார் வளாகத்து டீக்கடையில் சிப்பாயின் சாப்பாட்டு டப்பா சர்க்கரை டப்பாவாக இருந்தது. அதற்கு ஓர் அடுப்பு ஸ்டாண்டு செய்து கொடுத்தார். பிளவக்கல் பக்கம் ஆடு மேய்க்கிறவரிடம் இருந்த தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு தொரட்டி. இரண்டாவது மெடலோ தம்பிக்காரரின் பேரன் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அதற்காக இரும்பில் ஒரு நடைவண்டி செய்தார். அதன் கனத்துக்கு அதை மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். ஆனாலும் பிள்ளை சிரித்தான். மெடல் கிடைத்தது.

கம்பளி ஒரு கன்றுக்குட்டி முதுகில் இருந்தது. அதற்கு மட்டும் அவர் அவசரப்படவில்லை. "மார்கழிக் குளிருல வாயில்லா ஜீவன்கிட்ட பிடுங்கச் சொல்லுதியா?" என்று என்மீது பாய்ந்தார். பங்குனி வெயில் ஏறிய பிறகு போய், கன்றுக்குட்டிக்கும் ஒரு சல்யூட் வைத்துவிட்டு எடுத்து வந்தார்.

சேர்ந்ததையெல்லாம் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தார். தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார். கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசைப்பட்டு ஒரு மில் முதலாளி ஆள் அனுப்பியபோது, "சிப்பாயிங்க நின்னுக்கிட்டுதான் இருப்பாக. அலமாரில உக்கார மாட்டாகன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினார்.

பூட்ஸுக்கு ஒரே அடையாளம், குதிகாலில் லாடம். கண்ணில் பட்ட லாரிக்கெல்லாம் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் எங்களைத் தாண்டிப் போன லாரியின் பின்னால், வெயிலில் லாடம் பளிச்சென்றது.

"விடாதலே!" என்று கத்தினார். வண்டி ஓட்டியது அவர்தான். நான் எதை விடாமல் இருப்பது?

ஊருக்குள் நெரிசலில் லாரி நின்றதும் கட்டிங் பிளேயரால் கயிற்றை வெட்டிவிட்டார். இறங்கி வந்த டிரைவர் அலறினார்: "யோவ்! திருஷ்டிக்குக் கட்டுனதைக் களவாங்குதியே, நாளைக்கு நான் கவுந்தா நீயா வந்து தூக்குவ?" கூட்டம் கூடிவிட்டது. ஒற்றைச் செருப்புக்குக்கூட வழியில்லாத திருடன் என்று அண்ணாச்சியைப் பற்றி முடிவு செய்த கூட்டம், பேன்ட் சட்டை போட்ட என்னைத் தலைவன் என்று முடிவு செய்தது. எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

அங்கே இருந்த ஏட்டம்மா அந்த இடது கால் பூட்ஸை மேஜையில் திருப்பிப் பார்த்தார். பேனா கீழே விழுந்தது.

"இது எங்கப்பாவுது."

குதிகாலுக்கு மேலே தோலில் ஆணியால் கீறிய ஒரு பூ இருந்தது. "சின்னதுல நான் கீறுனது. இதுக்குத்தான் அவருகிட்ட முதல் அடி வாங்குனேன்" என்றார். வேறு சாதியில் காதல் கல்யாணம் செய்துகொண்டதால் அப்பா சாவுக்குக்கூட அவரை ஊருக்குள் விடவில்லை. அப்பாவுடையது என்று சொல்ல அவரிடம் ஒரு பொத்தான்கூட இல்லை.

அண்ணாச்சி பூட்ஸைத் துண்டால் துடைத்தார். "எல்லாம் எங்கிட்டதான் இருக்கு தாயி. முழுசாச் சேரட்டும், ஒப்படைக்கேன்" என்றார். டிரைவரையும் அவர் விடவில்லை. புதுச் செருப்பு ஒன்றைக் கொடுத்து, அது தொங்க ஒரு கொக்கியும் பற்றவைத்தார்.

எனக்கோ சந்தேகம். 'முழுசா' என்பது நழுவுகிற பேச்சு. இன்னொரு பூட்ஸ் எங்கே என்று யாருக்குமே தெரியாது. இந்தச் சுவரைக் காலி செய்ய இவருக்கு மனசு வருமா? போதாததற்கு மூன்றாவது மெடல் வன்னியம்பட்டி எல்லையில் நிற்கிற கருப்பசாமியிடம் இருந்தது. போரிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய், நேர்த்திக்கடனாகத் தன் கையாலேயே சாமி நெஞ்சில் குத்திவிட்டுப் போனது.

ஏட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். "சாமி பொருளை நான் எப்படிக் கழட்டுவேன்? பூக்கட்டிக் கேப்போம். வெள்ளைப்பூ வந்தா எடுத்துக்கோ, சிவப்பு வந்தா பேசாமப் போயிரணும்" என்றார் பூசாரி. இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். ஏட்டம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

பிரித்தால் சிவப்பு.

சாமியோடு சண்டைக்குப் போய்விடுவாரோ என்று நான் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அரிவாளோடு நிற்கிற கருப்பசாமியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இடது கை மெதுவாக நெற்றிக்குப் போனது.

"டூட்டில நிக்கிற ஆளுகிட்ட மெடலைக் கழட்டுன்னா கழட்டுவாரா? தப்பு நம்ம மேலதான் தாயி."

ஏட்டம்மா அழுதுகொண்டே சிரித்தார். "இருக்கட்டும் அண்ணாச்சி. அப்பா கையால குத்துனது, அங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் கண் விழித்தால் பட்டறைச் சுவர் காலி. ஆணிகள் மட்டும் வரிசையாக நின்றன. அண்ணாச்சி ட்ரங்குப் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டிருந்தார். போலீஸ் குடியிருப்பு வாசலில் அதை இறக்கி வைத்து, மூடியைத் திறந்து, மிடுக்காக நின்று சொன்னார்:

"முழுசாயிருச்சு தாயி. ஒண்ணு டூட்டில இருக்கு. ஒண்ணு எந்த ரோட்டுலயோ சுத்துது. மத்தவுக எல்லாரும் ஆஜர்."

ஏட்டம்மா யூனிஃபார்மில் இருந்தார். பதிலுக்கு அடித்த சல்யூட் ஒழுங்கான வலது கை சல்யூட். அண்ணாச்சி வாங்கிய ஒரே மெடல் அதுதான்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. சிக்னலில் லாரி நின்றால் போதும், ஆபீசுக்கு நேரமானாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறேன். வலது கால் பூட்ஸ், குதிகாலில் லாடம் இருக்கும். கிடைத்தால், ராஜபாளையத்தில் ஒருவருக்கு நான் இடது கையால் ஒரு சல்யூட் அடிக்க வேண்டும்.