நங்கூரம் எதையும் எடுப்பதில்லை

பவளப்பாறைகளைக் காப்பாற்ற உலகமெங்கும் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, பண்டா கடலின் நடுவே நைலோரா என்னும் எரிமலைத் தீவில் ஒருவர் அதை ஒரே கூட்டத்தில் காப்பாற்றி முடித்துவிட்டார். அந்த மகான் ஊர்த்தலைவர் ராஜா எலியேசர்.

காப்பாற்றிய முறை எளிது. கரையில் கம்பு நட்டு, தென்னங்குருத்தைக் கட்டி, பாறைக்கு 'சசி' போட்டார். சசி என்றால் தடை. அது நீங்கும்வரை யாரும் பாறையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தவர், எடுத்ததைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். ஊரார் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள்.

பழைய வழக்கத்தில் ராஜா செய்தது ஒரு சிறு திருத்தம்தான். முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபா விருந்தினர் எதையும் எடுப்பதில்லை, 'பார்க்கிறார்கள்'. ஆகவே அவர்களுக்குத் தடையில்லை. அவர்களை ஏற்றிச்செல்லும் நீலப் படகு ராஜாவுடையது. அதே நீலம் பூசிய அதன் நங்கூரமும் எதையும் எடுப்பதில்லை. தினமும் பாறைமேல் போய் 'அமர்கிறது', அவ்வளவுதான்.

சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்கும் யோசினா, சசிக் காவலன் ஓபெத்திடம் மாட்டிக்கொண்டாள். அவன் அவளுடைய சித்தி மகன்.

"அக்கா, கையில என்ன?"

"கண்ணு தெரியலையா? பேய்க்கணவாய்."

"சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லித் தொலையேன்!"

"பாத்துக்கிட்டுதான்டா இருந்தேன். அதுதான் எட்டுக் காலாலயும் என் கையைப் புடிச்சுக்கிச்சு."

கடமை வீரனான ஓபெத் 'சாட்சியப் பொருளை'ப் பறிமுதல் செய்தான். ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனை முடிந்ததும் தண்டனை. அன்றைக்குத்தான் யோசினாவின் மகளைக் கேட்டுப் பக்கத்துத் தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் படகேறி வருகிறார்கள். கழுத்தில் எட்டுக் கால் தொங்க, பின்னால் பாத்திர முழக்கத்தோடு அவர்களை வரவேற்பதை நினைத்ததும் அவள் சவ்வரிசிக் கூழைத் தொடாமலே தள்ளிவைத்தாள்.

ஞாயிறும் வந்தது. 'கடல் பாதுகாப்பு விழா'வைக் காண விருந்தினர் கேமராவோடு கூடினார்கள்.

"எங்கடா அந்தக் கணவாய்?" என்றார் ராஜா.

ஓபெத் தலையைச் சொறிந்தான். "நேத்து விருந்துல சுட்டுப் போட்டுட்டாங்க, ராஜா. நீங்களே ரெண்டு கால் சாப்பிட்டீங்க."

"ம்... நல்லாத்தான் இருந்துச்சு," என்று ராஜா சாட்சியமளித்தார்.

மாட்டப் பொருள் இல்லாமல் தண்டனை இல்லை. ராஜாவின் ஊர்க்குழு ஜாதிக்காய் மரத்தடியில் அவசரமாகக் கூடி, வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்றை எடுத்தது: எடுத்த குற்றத்துக்குத் தண்டனை பெறும் பொருட்டு, யோசினா குழுவின் அனுமதியோடு இன்னொரு முறை எடுத்துவர வேண்டும்.

"எடுக்கலைன்னா?" என்றாள் யோசினா.

"குழுவோட ஆணையை மீறின குற்றம்."

"எடுத்தா?"

"சசியை மீறின குற்றம்."

"சரி. பாறையில இருந்து போனது எதுவோ, அதைக் கழுத்துல மாட்டணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். சீக்கிரம் வா, விருந்தினருங்க வெயில்ல நிக்கிறாங்க."

அவள் கடலில் குதித்தாள். எரிமலைக் குழம்பு இறுகிய சரிவில் விசிறி விசிறியாய் வளர்ந்திருந்த பவளம், கல்யாண வீட்டில் கைதவறிய தட்டுகள்போல் நொறுங்கிக் கிடந்தது. நங்கூரம் அங்கே நன்றாகவே அமர்ந்திருந்தது. பேய்க்கணவாய் ஒன்று பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. யோசினா அதைப் பார்த்தாள். பார்க்க மட்டும் செய்தாள்.

பவளத் துண்டுகளைத் தூண்டில் நரம்பில் கோத்துக்கொண்டு கரையேறி, நேரே போய் ராஜாவின் கழுத்தில் மாட்டினாள். துண்டுகளில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

"என்னடி இது?" என்று பல்லைக் கடித்தார் ராஜா. "நான் எதையும் எடுக்கலையே!"

"நீங்க எடுக்கலை, ராஜா. உங்க நங்கூரம்தான் உடைச்சுது. அதுக்குக் கழுத்து இல்லையே, என்ன பண்றது?"

விருந்தினருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கைதட்டினார்கள், கேமராக்கள் மின்னின. ராஜாவின் கை மாலைக்குப் போயிற்று.

"கழட்டிடாதீங்க ராஜா!" என்றான் ஓபெத், மிகுந்த பணிவோடு. "ரொம்ப அழகா இருக்காம். அப்படியே ஊரைச் சுத்தி நடக்கச் சொல்றாங்க."

ராஜா சிரித்தபடி நடந்தார். பின்னாலிருந்து ஒரு சட்டி 'டங்' என்றது. அப்புறம் ஊரே முழங்கியது. அப்போதுதான் கரையிறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, மாலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், விளக்கம் எதுவும் கேட்காமல் யோசினா தட்டிக்கொண்டிருந்த இரண்டு மூடிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர்வலத்தில் சேர்ந்தார்.

மாலையணிந்த ராஜாவின் படம் இன்று விருந்தினர் தங்கும் விடுதியின் வாசலில் தொங்குகிறது. கீழே 'பவளப்பாறையின் காவலர்' என்று பொறித்திருக்கிறார்கள். ஊர் மக்களுக்கும் அதன்மேல் மிகுந்த மரியாதை. அதைக் கடக்கும்போது கையில் தூக்குச்சட்டியோ வாளியோ, எது இருந்தாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள்.