போன பெண் திரும்பி வந்த சர்வர்

மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் சமாளித்துவிடலாம். வேலை செய்யும் இடத்துக்கு வந்தால்தான் வினை. மலையாள மண்ணில், எங்கள் கரமனைப் பக்கம் அப்படியொரு வழக்கம் உண்டு. சொஜ்ஜி பஜ்ஜியெல்லாம் முடிந்தபிறகு பெண்ணின் அப்பா, "இந்த வழியாப் போனேன், ஏறிப் பாத்தேன்" என்று வந்து நிற்பார். (அந்த வழியில் அவருக்கு ஒரு வேலையும் இருக்காது.)

அப்போது நான் தம்பானூரில் குடியிருந்துகொண்டு, அங்கேயே ஒரு லாட்ஜின் மாடியில், கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருந்தேன். ஒரே ப்ராசஸருக்குள் இரண்டு கோர் புதிதாக வந்திருந்த சமயம். அப்படி ஒன்றை வாங்கி, கடையின் எல்லா கேமையும் நடத்தும் சர்வராக்கி, "இதுக்கு ரெண்டு மூளை" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

வாங்கிய மறுநாளிலிருந்தே கடையில் கூச்சல்தான்.

"சேட்டா, நான் சுட்டவன் எழுந்து நடக்கறான்! எந்தா இது?"

கேபிளை மாற்றினேன். ஸ்விட்சை மாற்றினேன். யுபிஎஸ்ஸைத் திட்டினேன். செத்தவர்கள் எழுந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து கரமனையிலிருந்து வந்து மாடிப்படி ஏறினார் வித்யாவின் அப்பா. பின்னாலேயே வித்யா. அவளைப் பெண் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ, வீடியோ கேம் நடத்துகிறவனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்ற சந்தேகமே இறங்கவில்லை.

"நான் ஒரு கை பாக்கட்டுமா?" என்று வித்யா உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் அவள் தேர்ந்தெடுத்த பெண் ஒரு வீட்டு வாசலைத் தாண்டிப் போனாள். மறுவிநாடி வீட்டுக்குள்ளேயே நின்றாள். மறுபடி போனாள். மறுபடி உள்ளே.

அவள் அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்ன இது, வாசல் தாண்டிப் போன பொண்ணு பொறந்தாத்துக்கே திரும்பித் திரும்பி வந்துண்டிருக்கா? நல்ல சகுனம் அல்ல!"

 சர்வர் முன்னால் போய் விழுந்தேன். கேமின் நேரத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தால், எண் ஏறுகிறது, திடீரென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. நேரம் பின்னால் போகிறது! "கிடைச்சுடுத்து!" என்று நான் அலறிய அலறலில் மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, இதுல ரெண்டு கோர். ரெண்டும் தனித்தனியா மணி பாக்கறது. கேமை இங்கயும் அங்கயும் மாத்தி மாத்தி ஓட்டறது சிஸ்டம். அங்க கேட்டா ஒரு மணி, இங்க கேட்டா கொஞ்சம் பின்னால. அதான் செத்தவன் எழுந்துக்கறான், போனவ திரும்பி வரா. உங்காத்துல உங்களையும் மாமியையும் மாத்தி மாத்தி மணி கேட்டா எப்படி இருக்கும்?"

"சண்டை வரும்" என்றார் அனுபவஸ்தர்.

"அதேதான். இனிமே கேம் ஒரு கோர்லதான் ஓடணும்னு கட்டிப் போட்டுடறேன். சரியான டிரைவர் சாஃப்ட்வேர் போடற வரைக்கும் இன்னொண்ணு இந்த விஷயத்துல வாயைத் திறக்காது."

"எந்த ஒண்ணு வாயைத் திறக்காது?" என்றாள் வித்யா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அதை நாம ரெண்டு பேரும் பேசி..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பையன்கள் சுடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

கேமை மறுபடி ஓடவிட்டேன். வித்யாவின் பெண் வாசலைத் தாண்டினாள். தெருவில் நடந்தாள். திருப்பத்தில் மறைந்தாள்.

"போயிட்டா" என்றார் மாமா.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, "இனிமே திரும்பியே வரமாட்டா மாமா, கேரண்டி!" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இல்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

வித்யா மௌஸை வைத்துவிட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, தம்பானூருக்கும் கரமனைக்கும் என்ன தூரம்? ஆட்டோல ஏறினா வந்துட்டேன்."

"அவன் கேரண்டி கொடுக்கறானேடீ" என்றார் அவர்.

"அவர் சர்வருக்குக் கொடுக்கறார். எனக்கு நான்தான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பழுது பாக்கத் தெரியறது. பேசத்தான் தெரியல்லை. போகட்டும், கேட்டோ, அதை அவ பாத்துப்பா" என்றார். அதுதான் சம்மதம்.

கடையை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்றைக்கும் வித்யா பிறந்தகத்துக்குப் போய் மணியடித்தால் அவர் உடனே உள்ளே விடுவதில்லை. கதவைப் பாதி திறந்து, அவளைத் தாண்டி, பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகக் கேட்பார்:

"என்ன மாப்ளே, சர்வர் இன்னும் சரியாகலையா?"