வலப்பக்கம் திறக்கும் புத்தகம்

நேர்ஸ் பிரஷாந்தி பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டியது புத்தகம் அல்ல, புத்தகத்தின் பிரேதம். இருநூறு தாளும் தனித்தனியாகக் கிடந்தன. பெரும்பாலானவற்றில் பக்க இலக்கமே இல்லை. எங்கு பார்த்தாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வாளோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பேசிக்கொண்டே நடக்கும் ஓர் ஆமை.

"ஜப்பான் படக்கதை அண்ணன். சனிக்கிழமைக்குள்ள கட்டித் தரேலுமா?"

"உங்களுக்கு இல்லாததா மிஸ்? வச்சிட்டுப் போங்க."

செங்கலடியில் நிரோசனுக்கு இருந்தது ஒரு சின்னப் பைண்டிங் கடை. வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடுகள்தான் அவன் பிழைப்பு. போன வருடம் அவன் மனைவி உசாந்தி ஒப்பரேஷன் முடிந்து கிடந்தபோது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மூன்று நாள் கூடவே இருந்தவள் பிரஷாந்தி. அந்த நன்றியை எப்படித் தீர்ப்பது என்று தெரியாமல் திரிந்தவனுக்கு இந்தத் தாள்கள் கோயில் பிரசாதம் மாதிரி இருந்தன.

ஒரேயொரு சிக்கல். இந்தக் கதைகளைக் கரைத்துக் குடித்த ஒரு ஆள் அவன் வீட்டிலேயே இருந்தாள். பதினைந்து வயது மகள் ஆர்த்திகா. அவள் அவனோடு பேசி நாற்பத்தொரு நாளாகிவிட்டது.

தப்பு அவன் பக்கம்தான். ஒரு ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளுக்கு அட்டை கட்டும்போது, அட்டையின் உட்புறத்தில் ஒட்டும் உள்தாள் போதவில்லை. வீட்டு அலுமாரியில் தடித்த தாளாகப் பத்து கிடந்தது. பின்பக்கம் வெறுமை, தொழில்காரனுக்கு வேறென்ன வேண்டும்? எடுத்து ஒட்டிவிட்டான். அவை ஆர்த்திகா ஒரு வருடமாக வரைந்த படங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அந்த ஆய்வேடு நெற்பூச்சிகளைப் பற்றிய விளக்கத்தோடு கம்பஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால் அவன் மகளிடம் கேட்கவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே அடுக்கினான். இரண்டு நாள் மினக்கெட்டு, தைத்து, பசை போட்டு, நீல அட்டையும் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

ஆர்த்திகா சாப்பாட்டு மேசையில் அதைப் புரட்டினாள். அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

"அம்மா, அப்பாட்டச் சொல்லுங்க. இதுல செத்தவனெல்லாம் எழும்பி நடக்கிறான். கிழவன் குழந்தையாகிறான்."

"உன்ர மகளுட்டச் சொல்லு," என்றான் நிரோசன் உசாந்தியிடம். "மந்திரக் கதையில அப்பிடித்தான் நடக்கும்."

இரண்டடி தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவில் உசாந்தி சோறு போட்டபடியே தபால்காரி வேலையும் பார்த்தாள்.

மறுநாள் முன்கடைத் தையல்காரர் அப்துல் மஜீத் வந்து புத்தகத்தைப் பார்த்தார்.

"நிரோசன், இது ஜப்பான் புத்தகமெல்லோ? எங்கட குர்ஆன் மாதிரி வலப்பக்கத்தால திறக்கிற சாமான் இது. நீங்க தலைகீழாக் கட்டி வச்சிரிக்கிறீங்க."

இருபது வருடத் தொழிலில் ஒரு புத்தகத்துக்கு முகம் எது முதுகு எது என்று தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. உடனே தையலைப் பிரித்தான். பசை காய்ந்திருந்தது, ஏழு தாள் கிழிந்தது. கிழிந்த ஓரத்தைச் சரிபண்ண மொத்தத் தாள்கட்டையும் வெட்டுமெசினில் வைத்தான். அவசரத்தில் கத்தி அரை அங்குலம் கூடுதலாக இறங்கியது. எடுத்துப் பார்த்தால் வாள்காரி பேசிய வசனங்கள் பாதியும் ஆமை பேசிய பொய்கள் முழுதும் குப்பைக்கூடையில் கிடந்தன. போதாக்குறைக்குத் தாள்களும் கலைந்துவிட்டன.

நாள் வியாழன். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாகிவிட்டது அவன் நிலை.

வீட்டுக்குப் போனதும், "உசாந்தி, உன்ர மகளுட்டக் கேளு, இந்தக் கதை அவளுக்குத் தெரியுமா எண்டு," என்றான்.

உசாந்தி கழுத்தைத் தடவிக் காட்டினாள். "எனக்குத் தொண்டை கட்டிட்டு. நீங்களே கேளுங்க," என்று கிசுகிசுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

நிரோசன் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான். "புள்ள, நேர்ஸக்காட புத்தகத்தைப் பழுதாக்கிப் போட்டன். எனக்கு உன்னை விட்டா ஆளில்ல."

ஆர்த்திகா தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்பாவின் விரலில் பசை காய்ந்து தோலுரிந்திருந்ததையும் பார்த்தாள்.

"இந்தக் கதை டிவித் தொடராவும் வந்தது," என்றாள். "லெப்டொப்பில கிடக்கு. அதை ஓடவிட்டுப் பாத்துப் பாத்து அடுக்கலாம். இருங்க வாறன்."

வெள்ளிக்கிழமை கடை திறக்கவில்லை. நிழலைத் தொலைத்த வாள்காரி ஏழு மலை தாண்டி அதைத் தேடிப் போகிறாள். ஒவ்வொரு காட்சியிலும் ஆர்த்திகா நிறுத்துவாள், நிரோசன் அதற்குரிய தாளைத் தேடி எடுப்பான். வெட்டுப்பட்ட வசனங்களை அவள் மெல்லிய தாளில் எழுத, அவன் மாப்பசை தொட்டு ஒட்டினான். முதல் மூன்று பாகம் அவனுக்கு வேலையாக இருந்தது. நாலாவதில், நிறுத்தவே வேண்டாம் என்று கையைப் பிடித்தான்.

"இந்த ஆமை ஏன் புள்ள இவ்வளவு பொய் சொல்லுது?"

"அவவுக்கு உண்மை தெரிஞ்சா மனம் உடைஞ்சிரும் எண்டு. மறுகா வாற காட்சியில பாருங்க."

பத்தாவது பாகத்தில் ஆமை அவளை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தபோது நிரோசன் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தான். இதைத்தானா பொம்மைப்படம் என்று இத்தனை நாள் ஏசினேன் என்று வெட்கமாக இருந்தது. பிள்ளை ஒரு வருடம் வரைந்தது இந்த முகங்களைத்தான்.

"அந்தப் படங்களை நான் ஒருக்கா திருப்பிப் பாத்திருக்கோணும்," என்றான்.

"பாத்திருந்தா ஒட்டியிருக்க மாட்டீங்க அப்பா," என்றாள் ஆர்த்திகா. நாற்பத்து நாலு நாளுக்குப் பிறகு கேட்ட அந்த 'அப்பா'வில் அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை பிரஷாந்தி கடைக்கு வந்தாள். நிரோசன் இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டினான். வலப்பக்கம் திறக்கும் சிவப்பு அட்டை, உள்தாளில் ஆர்த்திகா புதிதாக வரைந்த ஆமை.

"பிழை விட்டுப்போட்டன் மிஸ். ஓரம் வெட்டுப்பட்டுட்டு. மகள்தான் எழுதிச் சரிக்கட்டினவ. ஆனா நான் உங்களுக்குத்தான் கும்பிடு போடோணும். போன வருசம் என்ர மனுசியைக் காப்பாத்தித் தந்தீங்க. இந்த வருசம் உங்கட புத்தகத்தால என்ர புள்ள என்னோட கதைக்குது."

பிரஷாந்தி சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி, இடப்பக்கத்தால் திறந்தாள்.

"அந்தப் பக்கம் இல்ல மிஸ். இது முடிவெல்லோ?"

"எனக்கென்ன தெரியும் அண்ணன்?" என்றாள் பிரஷாந்தி. "கொழும்புக்குச் சொல்லிப் புதுசா எடுப்பிச்சதும் உங்கட மனுசி, என்ர வீட்டில வச்சு ஒவ்வொரு தாளாக் கழட்டினதும் உங்கட மனுசி, கலைச்சுப் போட்டது மட்டும்தான் நான்."