நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு

நீதிமன்ற மனுவின் நான்காவது கேள்விக்கு வெர்லின் கிரேபில் மூன்று முறை பதில் எழுதி, மூன்று முறையும் அடித்தார். ‘நீங்கள் தண்டனை பெற்ற குற்றத்தைச் சுருக்கமாகக் கூறவும்’ என்று கேட்டிருந்தார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லவே முடியாது என்பதுதான் அவருடைய முப்பத்தெட்டு வருடத் துயரம்.

இருபத்தோரு வயதில், மாவட்ட விவசாயக் கண்காட்சியின் கடைசி நாள் மதியம், முதல் பரிசு வாங்கிய ராட்சசப் பூசணிக்காயை மேடையில் ஒரு சாண் நகர்த்திக் காட்டுவதாக நண்பர்களிடம் சவால் விட்டார். பூசணிக்காய் ஒரு சாண் நகர்ந்தது. அதற்குப் பிறகு அதுவாகவே நகர்ந்தது. சரிவில் உருண்டு, பேண்டு வாத்தியக் குழுவை இரண்டாகப் பிரித்துக்கொண்டு போய், மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிப்பின் காரில் மோதி நின்றது. காரின் கதவு உள்ளே போயிற்று. வெர்லினின் பெயர் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிற்று.

இதெல்லாம் மனைவி ஆர்லீனுக்குத் தெரியாது. தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நின்று கடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? முதல் வருடம் சொல்லவில்லை. அப்புறம், முதல் வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

இப்போது அவர் வேலை பார்த்த மேஜை நாற்காலித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஊர் ஊராகப் போகும் நூலக வண்டிக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. அந்த மஞ்சள் வண்டியைப் பார்த்ததுமே வெர்லினுக்கு மனசு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. “பழைய ரெகார்டு ஏதாவது இருக்கான்னு பாப்போம், அவ்வளவுதான்” என்றார் நூலக அம்மாள். அவ்வளவுதான், ஆனால் அதுதான் இடித்தது. ஓஹையோ மாநிலச் சட்டப்படி சின்னக் குற்றம் என்றால் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பதிவை யாரும் பார்க்க முடியாதபடி முத்திரையிட்டு மூடிவிடலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

மனுவில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸ் மர்னாவிடம் போனார். அவள் ஆர்லீனோடு தேவாலயத்தில் பாடுகிறவள்.

“யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது” என்றார்.

“நான் ஏன் சொல்லப்போறேன்?” என்றாள் மர்னா.

சொல்லவும் இல்லை. ஆனால் படித்த நிமிடத்திலிருந்து அவளுக்கு வெர்லின் மேல் இரக்கம் பொங்கிவிட்டது. மறுநாளே கோழியும் நூடுல்ஸும் போட்டு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சமைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

“சாவு வீட்டுக்குக் கொண்டுபோற மாதிரி கொண்டுவந்திருக்கா. உனக்கு ஏதாவது உடம்புக்கா?” என்றாள் ஆர்லீன்.

“முதுகு வலி” என்றார் வெர்லின். வாயில் அதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதுகுக்காகத் தேவாலயமே பிரார்த்தனை செய்தது. திங்கட்கிழமை நூலக அம்மாள் போன் செய்தார். “முதுகு அவ்வளவு மோசமாமே? நம்ம வேலையில புத்தகப் பெட்டி தூக்கணும், வெர்லின்.”

“யார் சொன்னா? கல்லு மாதிரி இருக்கேன்” என்று நேரே நூலகத்துக்குப் போய், அந்த அம்மாள் கண்ணெதிரே இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் தூக்கிக் காட்டினார். அப்படியே வளைந்துபோய் நின்றார். இருபது நிமிடம் கழித்துத்தான் நிமிர முடிந்தது. பொய் சொன்ன முதுகு வலி உண்மையாகிவிட்டதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

அடுத்து அரசு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஆட்சேபிக்கலாமாம். ஷெரிப் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது பூசணிக்காயை வளர்த்த டெல்பர்ட் கிரெப்ஸ். வயது எண்பத்தாறு. முந்திக்கொண்டு பார்த்துவிடுவது நல்லது என்று, ஆர்லீன் செய்துவைத்திருந்த ‘ஆப்பிள் பை’ பலகாரத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அவருடைய பண்ணைக்குப் போனார்.

கிழவர் பலகாரத்தை ருசித்துச் சாப்பிட்டார். “அது கெடக்கு விடுப்பா. உன்னை நான் அன்னிக்கே மன்னிச்சாச்சு.”

அதோடு கிளம்பியிருக்கலாம். வெர்லினுக்கு எதையும் சுத்தமாக முடிக்க வேண்டும். “எதுக்கும் இதைப் படிச்சுப் பாத்துடுங்க ஐயா” என்று பழைய தீர்ப்பின் நகலை நீட்டினார்.

கிரெப்ஸ் கண்ணாடி போட்டுப் படித்தார். பாதியில் முகம் சிவந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். “கோர்ட்டுல பேசிக்கறேன்” என்றார். பலகாரத் தட்டைக்கூடத் திருப்பித் தரவில்லை.

தட்டு எங்கே என்று ஆர்லீன் இரண்டு நாள் தேடினாள். வெர்லினும் கூடச் சேர்ந்து தேடினார்.

விசாரணைத் தேதி வந்ததும் கடைசிப் பொய்யைச் சொன்னார். “கோர்ட்டுல ஜூரி வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர்ற செவ்வாய்க்கிழமை.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆர்லீனின் கை நின்றது. “செவ்வாய்க்கிழமையா? எத்தனை மணிக்கு?”

“பத்து.”

“நானும் வரேன்.”

“எதுக்கு? உனக்குப் போரடிக்கும்.”

“இந்த முதுகோட உன்னைத் தனியா விடறதா?”

மறுக்க மறுக்க அவள் பிடிவாதம் கூடிற்று. செவ்வாயன்று நல்ல நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்துவிட்டாள்.

நீதிமன்ற நடையில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்தே ‘கிரேபில்’ என்ற எழுத்து வெர்லின் கண்ணில் பட்டது. பாய்ந்து போய் அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். பட்டியலைப் படிக்க ஆர்லீன் முயலவே இல்லை. “அங்க என்ன வேடிக்கை? வா, உள்ள போயிடலாம்” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நல்ல காலம் என்று நினைத்தார்.

நல்ல காலம் நான்கு நிமிடம் நீடித்தது. முதல் மனுவே அவருடையது. அரசு வக்கீல் கரகரத்த குரலில் மேடை, சரிவு, பேண்டு வாத்தியம், கார்க்கதவு என்று ஒன்று விடாமல் வாசித்தார். வந்திருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். மனைவி இருந்த பக்கம் வெர்லின் திரும்பவே இல்லை.

“மிஸ்டர் கிரெப்ஸ், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார் நீதிபதி அம்மாள்.

“உண்டு.” கிழவர் தடியை ஊன்றி எழுந்தார். “ரெகார்டுல முன்னூத்தி எண்பது பவுண்டுன்னு போட்டிருக்கு. என் பூசணிக்கா நானூத்திப் பன்னெண்டு பவுண்டு. மூடி வைக்கிறதுக்கு முன்னாடி அதைத் திருத்துங்க.”

“உருட்டிவிட்டதுக்கு ஆட்சேபணை இல்லையா?”

“அதை எப்பவோ மன்னிச்சுட்டேன். எடையைக் குறைச்சதை மன்னிக்க முடியல.”

நீதிபதி தன் கையாலேயே எண்ணைத் திருத்திக் கையெழுத்திட்டார். “மிஸ்டர் கிரேபில், பதிவை மூட உத்தரவு போட்டாச்சு. இனி இப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு வச்சுக்கலாம்.”

நாற்பது பேர் கைதட்டினார்கள். வெர்லின் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஆர்லீன், இருபத்தாறு வருஷம் முன்னாடியே நான் இதைச் சொல்லியிருக்கணும்.”

அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “சின்ன வயசுல செஞ்சதுக்கெல்லாம் இப்பப் போய் ஒருத்தர் மேல ஒருத்தர் கோபப்படக் கூடாது. சரியா?”

“சரி.”

“இத்தனை நாள் சொல்லாம மறைச்சதுக்கும் சேத்துத்தான்.”

“அதுக்கும்தான்” என்றார் வெர்லின்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டார். முதுகு வலிகூட விட்டுப்போன மாதிரி இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வா, வீட்டுக்குப் போலாம்.”

ஆர்லீன் எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் திரும்பவில்லை. காலரைச் சரிசெய்துகொண்டாள்.

நீதிமன்ற ஊழியர் பட்டியலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அடுத்த மனு, ஆர்லீன் கிரேபில். மூணு வழக்கு.”